விழா மலரில் இடம் போதாதவை

எங்கள் பள்ளிக்கு விழா வருகிறது. மலருக்குப் பள்ளி வரலாறு எழுதித் தரச் சொல்லி ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டார். "ரெண்டு பக்கம் போதும் டீச்சர், போட்டோவுக்கு இடம் வேணும்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். நிறுவியவர்கள், தலைமையாசிரியைகளின் வரிசை, எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது, தேர்ச்சி விகிதம் எல்லாம் அதில் இருக்கிறது. அதற்காக ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினேன். புரட்டியதில் மனதில் தங்கியவற்றில் பாதிகூட அந்த இரண்டு பக்கத்தில் வரவில்லை.

நான் கிறிஸ்தவள் இல்லை. முத்தியால்பேட்டையில் நெசவுக் குடும்பம். புதுச்சேரியில் கன்னியர் நடத்தும் இந்தப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து, இங்கேயே ஓய்வு பெற்றேன். பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. கீழே வரும் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் அவர்களுடையது. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது போதும்.

எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தின் கதையை எல்லாரும் 1827-இல் தொடங்குவார்கள். குளுனி புனித சூசையப்பர் சபையின் கன்னியர் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்த ஆண்டு அது. அவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு. தமிழ் வீட்டுப் பெண்பிள்ளையைப் பொறுத்தவரை எனக்கு 1844-தான் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆயர் பொன்னாந்து குருக்களைக் கூட்டி இங்கே ஒரு சங்கம் நடத்தினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளைத் திறப்பதும் அங்கே பெரிய பேச்சு. பையன்களுக்குப் பெத்தி செமினார் அதே ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டில்தான் லூயி சவினியன் துபுய் என்ற மிஷனரி, பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை ஆரம்பித்தார். மரியாவின் மாசற்ற இருதய சபை என்று இன்றைக்கும் அது நடக்கிறது.

துபுய் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. முஸே என்ற இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து தமிழ் - பிரெஞ்சு அகராதி தொகுத்தவர் அவர். முதல் தொகுதி 1855-இல் இங்கே மிஷன் அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. பகலில் அச்சுக்கூடம், அகராதி, நடுவில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஒரு மனிதர் எப்படி ஓடியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஆனால் காரியத்தை நடத்தியது அவர் இல்லை, அந்தத் தமிழ்ப் பெண்கள். 1844-இல் குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பதுதான் ஊர் நினைப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோவிலில் ஆடுகிறவள் என்று பேசுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்து கேட்டு, எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? நம் பேச்சைப் பேசுகிற, நம் சோற்றைச் சாப்பிடுகிற ஒரு பெண் வந்து "நான் பாத்துக்கறேன், அனுப்புங்க" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். அவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை. விழா மலர்களில் துபுய் படம் வருகிறது, வரட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து எழுத்துக் கற்று, அடுத்த நாள் அதையே சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு ஒரு வரியாவது வேண்டும் என்று நான் கேட்டு வாங்கினேன்.

எல்லாம் இனிப்பான வரலாறு என்றும் சொல்ல மாட்டேன். சம்பா கோவில் என்று ஊரில் சொல்கிற மாதா தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோவில் 1748-இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்தில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஈசுவரன் கோவில் தெருவில் இருக்கிற கோவில் பிறகு கட்டியது. அந்தத் தெருவிலிருந்து எங்கள் பள்ளிக்கு எத்தனையோ பிள்ளைகள் நடந்து வந்திருக்கிறார்கள். கிறிஸ்தவத்துக்குள்ளேயும் சாதி இருந்தது. பூசையில் சாதி வாரியாகப் பிரித்து உட்கார வைத்த காலம் இந்த ஊர்க் கோவில்களில் இருந்தது. அதே ஆட்கள் அனுப்பிய பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதற்குள் கன்னியர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. வகுப்பில் இதைச் சொல்வேன். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். பழையவை பிரெஞ்சில் இருக்கின்றன, கட்டங்கள் கையால் கோடு போட்டவை. பிரெஞ்சு மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பெயர், ஊர், பிறந்த தேதி இவற்றையெல்லாம் விட என்னைப் பிடித்துக்கொண்டது தகப்பனார் தொழில் என்கிற கட்டம். அதை மட்டும் வரிசையாகப் படித்தால் புதுச்சேரியின் கதை முழுவதும் வந்துவிடும். நெசவு, பயிர்த்தொழில், சமையல், சொல்தா. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீடுகளுக்கு இன்றைக்கும் இங்கே சொல்தா வீடு என்றுதான் பெயர், பிரான்சிலிருந்து பென்ஷன் வரும்.

அப்புறம் பக்கம் பக்கமாக மில், மில், மில். ரோடியர் மில் என்று ஊரில் சொல்வது, 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்), அதோடு சுதேசி மில், பாரதி மில். 1936 ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்த ரத்தத்தில் கிடைத்தது. அந்தத் தொழிலாளர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மில் சம்பளம் என்றால் நிச்சயமான சம்பளம். அந்த வீட்டுப் பெண்களின் ஃபீஸ் பாக்கி இருக்காது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. எங்கள் பள்ளி முற்றத்து மரங்கள் சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. ஏ.எஃப்.டி.க்கும் பலத்த சேதம், அதற்குப் பிறகு அந்த மில் எழுந்திருக்கவே இல்லை. 2020-இல் மூடியே விட்டார்கள். பதிவேட்டில் மில் என்ற சொல் மெல்லக் குறைந்து, அந்த இடத்தில் செக்யூரிட்டி, டிரைவர், பெயிண்டர், ஓட்டல் வேலை என்று வந்துவிட்டது. தாயார் தொழில் என்று ஒரு கட்டம் பிற்காலத்தில் வந்தது. அதில் வீட்டு வேலை என்று இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. தன் வீட்டு வேலையா, நாலு வீட்டு வேலையா என்று கிளாஸ் டீச்சருக்குத் தெரியும்.

மீன்பிடி என்கிற சொல் மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாறாமல் வருகிறது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பது ஜூனில். அதாவது இரண்டு மாதம் படகு கரையில் கிடந்து, வீட்டில் அடகு வைக்க எதுவும் மிச்சமில்லாத நேரத்தில் நோட்டு, புத்தகம், யூனிபாரம், ஃபீஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எங்கள் பழைய ஹெச்.எம். சிஸ்டர் ஒருவர் குப்பத்துப் பிள்ளைகளின் பெயருக்கு நேராகப் பென்சிலால் "ஆடி" என்று எழுதி வைப்பார். அதுவரை யாரும் அந்தப் பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆடியில் அந்தத் தாய் மீன் வாசத்தோடு வந்து, முந்தானையில் முடிந்த நோட்டை அவிழ்த்து, "டீச்சரம்மா, எண்ணிப் பாருங்க" என்று மேசையில் வைப்பாள். இந்த ஏற்பாட்டைச் சட்டத்தில் எழுதவில்லை, சுற்றறிக்கையிலும் இல்லை. அடுத்து வந்த சிஸ்டருக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் கடைப்பிடித்தார். எங்கள் பள்ளியின் வரலாறு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்தப் பென்சில் எழுத்தைத்தான் காட்டுவேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அரையாண்டு விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட கடற்கரைச் சுவரும் கற்களும் நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாற்றின. குப்பங்களுக்குத்தான் அடி. ஜனவரியில் பள்ளி திறந்தபோது புத்தகப்பை இல்லாமல் வந்த பிள்ளைகளை அசெம்பிளியில் தனியாக நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதம் வகுப்பில் யாருமே பை கொண்டு வரவில்லை, எல்லாப் பிள்ளைகளும் கையில் ஒரு நோட்டு மட்டும். அது சிஸ்டரின் உத்தரவு.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று என் அக்கா மகள் கேட்பாள். கன்னியர் மடம் என்றால் எப்போதும் பிரம்பும் அமைதியும்தான் என்று நினைப்பு.

காலையில் கேட்டில் ஆயாம்மா நிற்பார். ரெட்டை ஜடை, மடித்துக் கட்டிய ரிப்பன், நகத்தில் சாயம் கூடாது, பூ கூடாது. பூ விஷயத்தில் எனக்குக் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா ஆசையாக வைத்துவிட்ட ஒரு முழ மல்லிகையைக் கழற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஸ்டாஃப் மீட்டிங்கில் பலமுறை பேசினேன். பூ வாங்க முடியாத பிள்ளைக்கு ஏக்கமாக இருக்குமே என்று சிஸ்டர் சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கழற்றிய பூவைக் குப்பையில் போடாமல் கெபியில், அதாவது குகை மாதிரிக் கட்டிய மாடத்தில், மாதா காலடியில் வைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மாதாவுக்கு முத்தியால்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் பூ வந்து சேரும்.

அசெம்பிளியில் தமிழ்த்தாய் வாழ்த்து. தமிழ்நாட்டில் பாடுவது மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது, எங்கள் புதுச்சேரியில் பாடுவது பாரதிதாசன் எழுதியது. பாகூர் தாண்டி கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் முதல் வாரம் திகைத்து நிற்பார்கள். ஜூலைக்குள் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு செபம், அன்றைய செய்தி, ஒரு குறள்.

பகல் பன்னிரண்டுக்குக் கோவில் மணி அடிக்கும். திரிகால ஜெபம். எந்தப் பாடம் நடந்தாலும் நிறுத்தி, எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகள் சொல்வார்கள், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். ஒரு நிமிடம்தான். சேர்ந்த புதிதில் இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதியின் நடுவில் மணி அடித்தால் எரிச்சலாக இருக்கும். பிறகு அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். காலையிலிருந்து கத்திய தொண்டைக்கு அது ஓய்வு. வேறு எந்த வேலையிலும் நடுப்பகலில் அப்படி ஒரு நிமிடம் கிடைக்காது.

வாரத்தில் சில பீரியடுகள் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி. மதம் மாற்றுகிறார்களா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்கார வைக்க முடியாது, அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு அது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தலாம் என்பது 30-ஆவது பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எங்கள் கால அட்டவணை புரியும். நன்னெறி வகுப்பைப் பல வருடம் எடுத்தது நான்தான். அதில் குறளும் நாலடியாரும் சொன்னேன், யாரும் வேண்டாம் என்றதில்லை.

ஆண்டுக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கோணாங்குப்பம் கூட்டிப் போக வேண்டும் என்று அடம் பிடிப்பேன். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம், வீரமாமுனிவர் கட்டிய பெரியநாயகி மாதா கோவில். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்து, தமிழில் காப்பியம் பாடிய மனிதர் நின்ற மண்ணைப் பிள்ளைகள் மிதிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேம்பாவணியிலிருந்து ஒரு பகுதி வந்தது. தாயை இழந்த கருணையன் புலம்பும் இடம். அந்த வருடம் என் வகுப்பில் குப்பத்துப் பிள்ளை ஒருத்திக்கு அம்மா இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பாடத்துக்கு முதல் நாள் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு லைப்ரரில இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், நானே படிக்கறேன்" என்றாள். படித்தாள். குரல் உடையவில்லை. வகுப்பில் மற்றவர்கள்தான் அழுதார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பாடலை அதைவிட நன்றாக யாரும் படித்ததில்லை.

எங்கள் நாட்காட்டி தனி. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுவே புதுச்சேரியின் விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கையை விட்டுப் போனது அந்தத் தேதியில். அடுத்த நாள் கல்லறைத் திருநாள், பாதி வகுப்பு கல்லறைக்குப் போயிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் கடலூர் ரோட்டில் காவி உடையோடு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கூட்டம், அவர்களில் எங்கள் இந்துப் பிள்ளைகளின் அப்பாக்களும் இருப்பார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் பிள்ளைகள் ஒருவரும் வர மாட்டார்கள். ரம்ஜானில் கோட்டக்குப்பம் பிள்ளைகளுக்குக் கடைசி பீரியடில் கணக்கு வைக்க வேண்டாம் என்று நாங்களே மாற்றிக்கொள்வோம்.

கன்னியரைப் பற்றி ஒன்று. மே மாதம் மாற்றல் கடிதம் வரும். பத்து வருடம் இருந்தவர்கூட ஒரு பெட்டியோடு அன்றைக்கே கிளம்பிவிடுவார். அரசுச் சம்பளம் வாங்கும் சிஸ்டர் அதில் ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார், சபைக்குப் போய்விடும். அந்தச் சம்பளத்துக்கும் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டுக்கொண்ட ஒருவர் கையில் பணம் நின்றதே இல்லை என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவள் நான்.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவு சுருங்கிக்கொண்டே வருகிறது. நான் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் தமிழ்வழிதான் பெரிய கூட்டம். இப்போது ஒரே ஒரு பிரிவு, அதிலும் பெஞ்சுகள் காலி. ஆங்கிலவழிக்குப் பெற்றோர் ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகளையும் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்வழியில் இருந்தவர்கள் யார்? பதிவேட்டில் பாருங்கள். மீன்பிடி, கூலி, வீட்டு வேலை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள். 1844-இல் எந்தப் பெண்பிள்ளைகளுக்காக அந்தச் சபை தொடங்கப்பட்டதோ அவர்களேதான். அந்தப் பிரிவை மூடினால் அவர்கள் ஆங்கிலவழிக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். சிலர் வருவார்கள். பலர் இந்தக் கேட்டுப் பக்கமே வர மாட்டார்கள். சேர்க்கை நாளில் விண்ணப்பம் வாங்கவே கூச்சப்பட்டு மரத்தடியில் நிற்கிற தாய்களை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு உட்கார வைக்க ஒருவர் வேண்டும்.

ஹெச்.எம். சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க டீச்சர், நான் மூட மாட்டேன்" என்றார். அவர் சொன்னால் செய்வார். அதனால் வரும் சித்திரையிலிருந்து நானும் பழைய மாணவிகள் நாலைந்து பேரும் வைத்திக்குப்பம், சோலை நகர், குருசுக்குப்பம் மூன்றுக்கும் வீடு வீடாகப் போகிறோம். தடைக்காலம், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

எங்கள் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு வர முடியுமா என்று சொல்லுங்கள். அந்தந்தக் குப்பத்திலேயே பிறந்தவர்கள் வந்தால் ரொம்ப நல்லது, நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அப்புறம், 1970-க்கு முன்னால் இங்கே படித்த அம்மாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, ஆசிரியைகளின் பெயர் பல வருடங்களுக்கு இல்லை. மலர் அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.